பச்சைத் தண்ணீரில் நஞ்சின் மரபணு

கோடையில் அணைக்கரையோரம் ஒதுங்கும் பச்சை ஏட்டிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் 400 மடங்கு பெருக்கிப் பார்த்தால், வழுவழுப்பான கூழுக்குள் கடுகைத் தூவியது போல உருண்டையான செல்கள் கூட்டமாகக் கிடக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்பது அதன் பெயர். ஒவ்வொரு செல்லும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு அகலமே இருக்கும்; உள்ளே நிறைந்திருக்கும் காற்றுப் பைகள் ஒளியைச் சிதறடிப்பதால் கருமையாகத் தோன்றும். அதே சொட்டில் அருகருகே இரண்டு கூட்டங்கள் மிதக்கலாம். ஒன்று கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சைச் செய்ய வல்லது. மற்றது அந்த நஞ்சைச் செய்யவே தெரியாதது. நிறம், வடிவம், அளவு, கூழின் விளிம்பு என்று எதைக் கொண்டு பார்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பல ஆண்டுகள் நுண்ணோக்கியில் குனிந்து பழகிய கண்ணுக்கும் இது பொருந்தும். அந்த வேறுபாடு இருக்குமிடம் டிஎன்ஏ.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் குடியிருக்கும் என் மாமா வார இறுதிகளில் அணையில் தூண்டில் போடுபவர். "பச்சையா இருந்தா எல்லாமே விஷமா தம்பி, இல்ல சிலதுதானா? பாத்தா எப்படித் தெரியும்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் என்னிடம் கேட்டார். பார்த்தால் தெரியாது என்று மட்டும் சொன்னேன். பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள், அப்படித் தெரிந்துகொண்டதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

நீலப்பச்சைப் பாசி என்பது வழக்குச் சொல். அது பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து ஆக்சிஜனை வெளியிடும் உயிர்களில் மிகப் பழையது இதுவே. நம் நாட்டின் வட கேப் மாகாணத்துப் பாறைகளில் இவை படிந்து உருவாக்கிய அடுக்குகளைச் சுமார் 250 கோடி ஆண்டு முதுமையுடன் இன்றும் காணலாம். உலகத்தை மூச்சுவிட வைத்த உயிரைக் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கழிவுநீரும் உரமும் கொண்டுவரும் பாஸ்பரசும் நைட்ரஜனும், அசையாத வெதுவெதுப்பான நீரும் சேரும்போது அது அளவுக்கு மீறிப் பெருகுகிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

தென்னாப்பிரிக்காவில் இயற்கையான நன்னீர் ஏரிகள் மிகக் குறைவு. குவாசுலு-நேட்டாலின் வடகோடியில் இருக்கும் சிபாயா ஏரிதான் அவற்றில் பெரியது. மற்றபடி நாம் குடிப்பதும் பாசனத்துக்குப் பாய்ச்சுவதும் படகு விடுவதும் பெரும்பாலும் ஆற்றை மறித்துக் கட்டிய அணைகளின் நீரில்தான். எனவே இங்கே ஏரியைப் பற்றிய ஆய்வு என்றாலே அது அணையைப் பற்றிய ஆய்வு. 2002 முதல் 2012 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் 50 பெரிய நீர்நிலைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 62 சதவீதம் ஊட்டம் மிதமிஞ்சிய நிலையில் இருப்பது தெரியவந்தது. இவற்றில் பெயர்பெற்றது பிரிட்டோரியாவுக்கு மேற்கே குரொக்கடைல் ஆற்றின் குறுக்கே 1920களில் பாசனத்துக்காகக் கட்டிய ஹார்ட்பீஸ்போர்ட் அணை. ஜோகனஸ்பர்கின் வடபகுதிக் கழிவுநீர் யுக்ஸ்கே ஆற்றின் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. காற்று ஒரு பக்கமாக அடித்து ஓய்ந்த காலையில் அங்கே கரையில் ஒதுங்கும் மைக்ரோசிஸ்டிஸ், பச்சைச் சாயம் கொட்டியது போலக் கெட்டியாக நிற்கும்.

இந்த நஞ்சின் வரலாற்றில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய இடம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தமே. வால் அணை 1938இல் கட்டி முடிந்த சில ஆண்டுகளிலேயே அதன் கரைகளில் மேய்ந்த ஆடுமாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. ஒண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தின் நச்சியல் அறிஞர் டௌ ஸ்டெய்ன் அதை ஆராய்ந்து, காரணம் அணையில் மிதந்த பாசியே என்று 1940களில் எழுதினார். நஞ்சின் வேதியியல் அமைப்பைக் கண்டுபிடிக்க அதற்குப் பின் இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. பிரிட்டோரியாவில், தென்னாப்பிரிக்காவின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடத்தில் போட்டஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980களின் முற்பாதியில், அது ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு என்று நிறுவினார்கள். அவர்கள் வைத்த பெயர் சயனோஜினோசின். 1988இல் உலகம் முழுவதற்குமாகப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது அது மைக்ரோசிஸ்டின் ஆனது. உலகத்தின் எந்த மூலையில் பாசி நஞ்சைச் சோதித்தாலும் அந்தச் சோதனையின் அடியில் பிரிட்டோரியாவின் வேலை இருக்கிறது.

மைக்ரோசிஸ்டின் உடலுக்குள் போனால் கல்லீரல் செல்கள் அதைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே புரதங்களைக் கட்டுப்படுத்தும் பாஸ்பட்டேஸ் என்னும் நொதிகளை அது முடக்குவதால் செல்லின் உட்சட்டம் குலைந்து, கல்லீரலுக்குள்ளேயே இரத்தம் கசிகிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காத நீரைச் சிறுநீரக டயாலிசிஸ் மையம் ஒன்று பயன்படுத்தியபோது 100 நோயாளிகளுக்குக் கல்லீரல் செயலிழந்தது. 52 பேரின் சாவுக்கு இந்த நஞ்சே காரணம் என்று கணித்தார்கள். நம் நாட்டில், கேப் டவுனின் சீகூஃப்ளே ஏரியில் 1994இல் ஒரு நாய் செத்தது; நொடுலாரின் என்னும் இதன் உறவு நஞ்சே அதற்குக் காரணம் என்று அறிந்தார்கள். 2007இல் குரூகர் தேசியப் பூங்காவில் வரிக்குதிரைகளும் காண்டாமிருகங்களும் செத்துக் கிடந்ததும் பாசி நஞ்சினால்தான். அங்கே ஊட்டத்தைக் கொண்டுவந்தது கழிவுநீர்க் குழாய் இல்லை. அணையில் கூட்டமாகக் கிடந்த நீர்யானைகளின் சாணம்.

இனி மரபணுவுக்கு வருவோம். உடலின் சாதாரணப் புரதங்கள் ரைபோசோம் என்னும் ஒரே பொதுப் பட்டறையில் உருவாகின்றன. மைக்ரோசிஸ்டின் அப்படி உருவாவதில்லை. அதற்கென்றே தனியாக ஒரு நொதி வரிசை வேண்டும். பூக்கட்டும் இடத்தில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் மல்லிகை, அடுத்தவர் மரு, அதற்கடுத்தவர் கனகாம்பரம் என்று தம் தம் பங்குப் பூவை மட்டும் சேர்த்துச் சரத்தைக் கைமாற்றி, கடைசி ஆள் இரு முனைகளையும் முடிச்சிட்டு வளையமாக்குவது போன்றது அந்த வேலை. அந்த வரிசையில் ஒருவர் எழுந்து போனால் மாலையே இல்லை. நொதிகளைச் செய்யும் குறிப்பு, பாக்டீரியாவின் டிஎன்ஏயில் 10 மரபணுக்களாக ஒரே இடத்தில் கொத்தாக இருக்கிறது. நீளம் சுமார் 55,000 எழுத்துகள். எம்சிஒய்-ஏ முதல் எம்சிஒய்-ஜே வரை அவற்றுக்குப் பெயர். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1997இல், நஞ்சு செய்யும் மைக்ரோசிஸ்டிஸ் வகையொன்றில் எம்சிஒய்-பி மரபணுவை மட்டும் உடைத்துப் பார்த்தார்கள். அது பழையபடியே வளர்ந்தது. நஞ்சு மட்டும் அடியோடு நின்றுபோனது. 2000ஆம் ஆண்டில் கொத்து முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. மாமா கேட்ட கேள்வியின் முதல் பாதிக்கு விடை அதில் இருக்கிறது: பச்சையாக இருப்பதெல்லாம் நஞ்சு இல்லை, அந்தக் கொத்தை வைத்திருப்பதே நஞ்சு செய்ய வல்லது.

உயிரினத்தின் பெயரைத் தெரிந்துகொள்வது வேறு, அதன் கையில் இந்தக் கொத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது வேறு. பாக்டீரியாக்களை இனங்காண வழக்கமாகப் படிப்பது 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்னும் மரபணுவை. இது மைக்ரோசிஸ்டிஸ், இது டோலிகோஸ்பெர்மம் என்னும் வேறொரு சயனோபாக்டீரியா என்று அந்த மரபணு சொல்லிவிடும். ஆனால் நஞ்சு செய்யும் மைக்ரோசிஸ்டிசுக்கும் செய்யாததற்கும் 16எஸ் ஒன்றே. ஒரே குடும்பத்துப் பெயரைத் தாங்கிய அண்ணன் தம்பியில் யார் சமைப்பார் என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாதது போலத்தான். எனவே நஞ்சுக் கொத்திலிருந்தே ஒரு துண்டைத் தேட வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தேடுவது எம்சிஒய்-ஈ. மைக்ரோசிஸ்டினுக்கும் நொடுலாரினுக்கும் உரிய அட்டா என்னும் விசித்திரமான அமினோ அமிலத்தைச் செய்து சேர்ப்பதில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. மைக்ரோசிஸ்டிஸ், பிளாங்டோத்ரிக்ஸ், டோலிகோஸ்பெர்மம் ஆகிய மூன்று சயனோபாக்டீரியாக்களிலும் நஞ்சு செய்யும் வகைகளில் அது இருக்கும். நொடுலாரின் செய்யும் நொடுலேரியாவில் அதை ஒத்த மரபணு இருக்கிறது. ஒரே சோதனையில் இத்தனையையும் பிடிக்கும் வலை அது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து சொல்கிறேன், ஏனெனில் முடிவின் நம்பகம் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. அணையிலிருந்து வரும் நீரைப் புட்டியில் நன்றாகக் குலுக்கிவிட்டு, 47 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு வடிகட்டியின் வழியாக உறிஞ்சுவோம். தெளிந்த நீரென்றால் அரை லிட்டர் கூட இறங்கும். ஏடு பிடித்த நீரென்றால் ஒரு கோப்பை இறங்குவதற்குள் அடைத்துக்கொள்ளும். மழை பெய்த மண்ணின் வாடை அறையில் பரவும். அது ஜியோஸ்மின் என்னும் பொருளின் வாடை, நஞ்சின் வாடை இல்லை. சவ்வின் மேல் வட்டமாகப் பச்சைத் தாள் போல ஒட்டியிருப்பதை இடுக்கியால் மடித்துச் சிறு குழாயில் போட்டு உறையவைத்து விடுவோம். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்பதைக் குழாயின் மேல் எழுத மறந்தால் அந்த மாதிரி வீண். பிறகு எவ்வளவு நீரில் எவ்வளவு மரபணு என்று கணக்கிடவே முடியாது.

அடுத்து செல்களை உடைக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிசைச் சுற்றியுள்ள அந்தக் கூழ் இலேசில் விடாது. நுண்ணிய கண்ணாடி மணிகளோடு சேர்த்துப் படபடவென ஆட்டினால்தான் செல் உடையும். பின்பு புரதத்தையும் கூழையும் நீக்கி டிஎன்ஏயை மட்டும் பிரிக்கிறோம். மீதி வேலை பிசிஆர் கருவியுடையது. 1983இல் கேரி முல்லிஸ் வகுத்த முறை அது. தேடும் மரபணுத் துண்டின் இரு ஓரங்களிலும் ஒட்டிக்கொள்ளக் கூடிய குட்டி டிஎன்ஏ இழைகளை, அதாவது பிரைமர்களைப் போட்டு, 95 டிகிரி வரை சூடாக்கி இழைகளைப் பிரித்து, குளிரவைத்துப் பிரைமர்களை ஒட்டவிட்டு, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த வெப்பம் தாங்கும் நொதியால் புது இழை நெய்ய வைக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிக்கிறது. ஒன்றே ஒன்று இருந்தாலும் 30 சுற்றில் அது 100 கோடியைத் தாண்டிவிடும். தேடிய துண்டு இல்லாவிட்டால் எதுவும் பெருகாது.

நிகழ்நேர பிசிஆரில், ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒளிரும் சாயத்தின் அளவைக் கருவி பதிவு செய்கிறது. ஒளி ஒரு குறிப்பிட்ட எல்லையை எந்தச் சுற்றில் கடக்கிறதோ அந்த எண்ணே முடிவு. மாதிரியில் மரபணு மிகுதியாக இருந்தால் 18ஆம் சுற்றிலேயே கடக்கும். அரிதாக இருந்தால் 33 வரை இழுக்கும். பத்து மடங்கு வித்தியாசம் ஏறக்குறைய 3.3 சுற்று. இந்த 3.3 ஒரு நல்ல காவல்காரனும் கூட. அணை நீரில் மக்கிய இலைகளின் ஹியூமிக் அமிலமும் பாசியின் கூழும் கலந்திருப்பதால், அவை நொதியை முடக்கி, இருக்கும் மரபணுவை இல்லாதது போலக் காட்டக்கூடும். அதற்காக ஒவ்வொரு மாதிரியையும் பத்து மடங்கு நீர்த்தும் ஓட்டுகிறோம். நீர்த்த மாதிரி 3.3 சுற்று தள்ளி வந்தால் நம்பலாம். தள்ளி வராமல் முன்னதாகவே வந்தால், நீர்க்காத மாதிரியில் தடை இருக்கிறது என்று பொருள். "மரபணு காணப்படவில்லை" என்ற வரியைக் கையெழுத்திட்டு அனுப்புவதற்கு முன் இந்த ஒப்பீட்டைப் பார்க்காத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். ஓர் ஊரின் குடிநீர்க் குழாய் அந்த வரியை நம்பித் திறந்திருக்கும்.

எம்சிஒய் மரபணு எத்தனை, மைக்ரோசிஸ்டிஸ் மொத்தம் எத்தனை என்று இரண்டையும் எண்ணினால், கூட்டத்தில் நஞ்சு செய்ய வல்லது எத்தனை பங்கு என்பது கிடைக்கும். அந்தப் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகமாக மாறும். பெர்லினின் வான்சே ஏரியில் 2000களின் தொடக்கத்தில் இப்படி எண்ணியபோது அது 1 சதவீதத்திலிருந்து 38 சதவீதம் வரை இருந்தது. வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒரே பச்சை. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு: மைக்ரோசிஸ்டிஸ் மரபணுத் தொகுப்பில் 16எஸ் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, மேலும் வேகமாக வளரும் செல் தன் மரபணுத் தொகுப்பையே ஒன்றுக்கு மேல் வைத்திருக்கும். எனவே மரபணு எண்ணிக்கையை அப்படியே செல் எண்ணிக்கை என்று வாசிக்கக் கூடாது.

இந்தச் சோதனையின் பெரிய பயன் முன்னறிவிப்பே. நஞ்சை நேரடியாக அளக்கும் எலிசா சோதனையும் எல்சி-எம்எஸ் கருவியும் நஞ்சு நீரில் வந்த பிறகுதான் அதைக் காணும். மரபணுச் சோதனையோ, ஏடு கட்டுவதற்கு முன்பே, நீர் தெளிவாகத் தெரியும் நாளிலேயே, சொற்பச் செல்கள் தலைகாட்டும்போதே சொல்லிவிடும். நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அந்த இரண்டு மூன்று வார அவகாசம் பொன் போன்றது. நீர் எடுக்கும் ஆழத்தை மாற்றலாம், கரித்தூள் வரவழைத்து வைக்கலாம். முக்கியமாக, பீதியில் தாமிர சல்பேட்டைத் தூவும் தவற்றைத் தவிர்க்கலாம். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணையில் பெருகிய பாசியைக் கொல்லத் தாமிர சல்பேட் போட்டார்கள். செல்கள் வெடித்து உள்ளிருந்த நஞ்சு முழுவதும் நீரில் கரைந்தது, 148 பேர் நோயுற்றார்கள். அந்த நஞ்சு மைக்ரோசிஸ்டின் இல்லை, சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின். அதற்கும் தனி மரபணுக் கொத்து உண்டு, நரம்பைத் தாக்கும் சாக்சிடாக்சினுக்கும் அனாடாக்சினுக்கும் அவ்வாறே. இவற்றில் பலவற்றை ஒரே ஓட்டத்தில் தேடும் கலவைகள் இப்போது கடையிலேயே கிடைக்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மரபணு காட்டுவது நஞ்சு செய்யும் வல்லமையை மட்டுமே. அடுப்பும் பாத்திரமும் இருக்கிறது என்பதால் சோறு வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒளி, நைட்ரஜன், வளர்ச்சி வேகம் ஆகியவற்றுக்கேற்ப அதே செல் நஞ்சைக் கூட்டியும் குறைத்தும் செய்யும். கொத்தின் நடுவில் ஒரு துண்டு அறுந்தோ வேற்றுத் துண்டு புகுந்தோ போன வகைகள் இயற்கையிலேயே உண்டு; ஐரோப்பிய ஏரிகளின் பிளாங்டோத்ரிக்சில் இதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். நாம் தேடும் எம்சிஒய்-ஈ முழுதாக இருந்து, தேடாத வேறொன்று உடைந்திருந்தால், சோதனை உண்டு என்று சொல்லும், நஞ்சோ இராது. இதற்கு மாறான பிழை அதைவிடக் கொடியது. பிரைமர்கள் பெரும்பாலும் ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் வகைகளைப் பார்த்து வடிவமைத்தவை. நம் அணையில் வாழும் வகையில் அந்த இடத்தில் ஓரிரு எழுத்துகள் மாறியிருந்தால் பிரைமர் ஒட்டாது. நஞ்சு இருந்தும் சோதனை இல்லை என்றே சொல்லும். ஆகவே நம் நீர்நிலைகளின் வகைகளைத் தனியே வளர்த்து, அவற்றின் கொத்துகளை முழுமையாகப் படித்து வைப்பது ஆடம்பரமில்லை, இந்தச் சோதனைக்கு அடித்தளம்.

மூன்றாவது வரம்பைத்தான் மக்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பாசி உயிரோடு இருக்கும்வரை மைக்ரோசிஸ்டினின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கும். பருவம் மாறிக் கூட்டம் மடியும்போது செல்கள் சிதைந்து நஞ்சு நீரில் கரைகிறது. அப்போது வடிகட்டிச் சவ்வில் தங்கும் செல்கள் குறைவதால் மரபணு எண்ணிக்கை நாளுக்கு நாள் விழும். கரைந்த நஞ்சோ உச்சத்தில் இருக்கும். ஸ்பிங்கோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் அதைத் தின்று தீர்க்க நாட்களோ வாரங்களோ பிடிக்கும். எம்எல்ஆர்-ஏ என்னும் மரபணு அந்தத் தின்னிகளின் அடையாளம். அதையும் இதே பிசிஆரில் தேடலாம், தேடுகிறார்கள்.

டர்பன் மக்களின் தண்ணீர் பெரும்பாலும் உம்கேனி ஆற்றின் நான்கு அணைகளான மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா வழியாக இறங்கி வருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரைக் கடந்து வரும் உம்சுண்டுசி ஆறு, அந்நகரத்துச் சுத்திகரித்த கழிவுநீரையும் சுமந்துகொண்டு, இனாண்டாவுக்கு மேலே உம்கேனியில் சேர்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரின் காலத்திலிருந்தே ஆற்றங்கரை நமக்குக் கோவிலின் முன்வாசல். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் சோடிப்பதும் தீமிதிக்கு ஊர்வலம் கிளம்புவதும் ஆற்றிலிருந்துதான். தமிழ்நாட்டில் மார்கழியும் தையும் பனிக்காலம். இங்கே அவை கொளுத்தும் கோடை, தைப்பூசக் காவடி வருவது நீர் வெதுவெதுப்பாகி பாசி பெருகும் அதே வாரங்களில். இறங்கி முழுகுவதற்கு முன் நீரின் மேல் பச்சை ஏடு படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படர்ந்திருந்தால் பிள்ளைகளை இறக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. மைக்ரோசிஸ்டின் கொதியில் அழியாது, நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடவே செய்யும்.

ஒரு கோடையின் அறிக்கைகளை எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று, எண்களை விளக்கத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம். டிசம்பர் முதல் வாரம் நீர் தெளிவு. 16எஸ் 27ஆம் சுற்றில், எம்சிஒய்-ஈ 34இல், நஞ்சு அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. பாசி இருக்கிறது, அதில் நஞ்சு செய்ய வல்லது சொற்பம். ஜனவரி நடுவில் 16எஸ் 21, எம்சிஒய்-ஈ 24. பாசி பெருகியதை மட்டும் இது சொல்லவில்லை. இரண்டுக்கும் இடைவெளி 7 சுற்றிலிருந்து 3 ஆகக் குறைந்திருப்பதால் நஞ்சு செய்யும் வகை மற்றதை முந்திக்கொண்டு வருகிறது. நஞ்சு அன்று லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான் இருக்கலாம். குடிநீருக்கான தென்னாப்பிரிக்கத் தரத்தின் எல்லையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நீண்டகால எல்லையும் 1 மைக்ரோகிராம். எண் எல்லைக்குள் இருக்கிறது என்று கோப்பை மூடிவைக்கும் அதிகாரியும், இடைவெளி சுருங்குவதைக் கண்டு அன்றே வாரம் இருமுறை மாதிரி எடுக்கச் சொல்லும் அதிகாரியும் ஒரே தாளைத்தான் வாசிக்கிறார்கள். பிப்ரவரியில் ஏடு கட்டும்போது நீராட்டுக்கான எல்லையான 24 மைக்ரோகிராமைக் கரையோர நீர் எளிதில் தாண்டும்.

ஏப்ரல் வரும்போது அணை தெளிந்துவிடுகிறது. எம்சிஒய்-ஈ மறுபடியும் 32க்குப் போகிறது. நஞ்சின் வரியோ பிப்ரவரியைவிடப் பெரிதாகத் தள்ளிக்கொண்டு நிற்கலாம். மரபணு வரியை மட்டும் பார்ப்பவர் ஆபத்து நீங்கியது என்று எழுதிவிடுவார். அதனால்தான் மரபணு அறிக்கையை எந்தக் காலத்திலும் நஞ்சு அளவீட்டுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது, அதற்கு முன்னால் வைக்க வேண்டிய காவலாகவே கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். பாசிக்குத் தீனியான பாஸ்பரசை மறிப்பது வேறு வேலை. சில ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கழிவுநீரின் பாஸ்பேட்டை லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் வைக்க 1980களிலேயே விதி வந்தது. ஹார்ட்பீஸ்போர்ட்டுக்கு மேலுள்ள குரொக்கடைல் பள்ளத்தாக்கும் அவற்றில் ஒன்று. விதி வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அணை பச்சையாக இருக்கிறது.

மாமாவிடம் இப்போது நான் சொல்லியிருப்பது இதுதான். ஏடு இருக்கும் நாளில் தூண்டிலை எடுத்துப் போக வேண்டாம், நாயையும் கூட்டிப்போக வேண்டாம். ஏடு மறைந்து தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு பிடிக்கும் திலாப்பியாவின் குடலையும் ஈரலையும் அணைக்கரையிலேயே முழுவதுமாக எடுத்துவிட்டு, சதையைக் குழாய்த் தண்ணீரில் கழுவித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் மீனின் உடலில் அந்த நஞ்சு முதலில் போய்த் தங்குவது குடலிலும் ஈரலிலும்தான். "ஈரல்தானடா ருசி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, அத்தையிடமும் சொல்லிவிடு என்றார்.